தரையைத் தரையில் வைத்துப் பாருங்கள்

சென்ற தை மாதம் மருமகள் என்னை டைல்ஸ் கடைக்கு அழைத்துப் போனாள். மதுரைப் புறநகரில் சாலையோரம் இருக்கும் பெரிய கடை. தரைக்குப் போடும் கல்லையெல்லாம் அங்கே சுவரில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆளுயரக் கல், மேலே விளக்கு, படம் மாட்டியது போல வரிசையாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு அந்தக் கல் என் முகத்துக்கு நேரே நிற்கப் போவதில்லை, காலுக்கடியில் கிடக்கப் போகிறது.

"தம்பி, இதக் கொஞ்சம் கீழ படுக்க வைங்க. அப்படியே ஒரு சொம்பு தண்ணி கொடுங்க" என்றேன்.

குடிக்க என்று நினைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்தார் அந்தப் பையன். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினேன். மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஒரு காலை வைத்தேன். கால் நிற்கவில்லை. "இது வேண்டாம்" என்றேன். அன்று மட்டும் ஒன்பது கல்லில் ஏறி இறங்கினோம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்காரர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு 73 வயது. காரைக்குடிப் பக்கத்துக் கிராமம். அப்பா கொத்தனார். சுவரும் கட்டுவார், ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது காவித் தரை. சிவப்பு சிமெண்ட் தரை என்றும் சொல்வார்கள். சிமெண்டையும் காவிப் பொடியையும் காய்ந்த பதத்திலேயே சலித்து, ஓர் அறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரே தடவையில் கலந்து வைத்துக்கொள்வார். இரண்டு தடவையாகக் கலந்தால் நிறம் இரண்டாகத் தெரியும். மேல்பூச்சு இறுகத் தொடங்கும் பதம் பார்த்துக் கரணையால் தேய்க்க வேண்டும். முந்தினால் பூச்சு கரணையோடு ஒட்டிக்கொண்டு வரும், பிந்தினால் மெருகு ஏறாது. தொடங்கிய அறையை அன்றைக்கே முடித்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால், நிறுத்திய இடம் அந்த வீடு இருக்கும்வரை கோடாகத் தெரியும். இருட்டிவிட்டால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்துக்கொண்டு, குத்தவைத்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கி வாசலுக்கு வந்து சேருவார். மறுநாள் ஓரங்களில் களிமண் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார். வேலை முடிந்து தண்ணீர் வற்றிய பிறகு தேங்காய் எண்ணெய் போட்டுத் துணியால் தேய்ப்பது அம்மாவின் வேலை, என்னுடைய வேலையும்.

தரை முடிந்ததும் அப்பா ஒரு காரியம் செய்வார். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை ஒட்டி, வெளிச்சம் வரும் பக்கம் பார்ப்பார். மேடு பள்ளம் இருந்தால் நீரில் அலை மாதிரி தெரியும். "நின்னுக்கிட்டுப் பாத்தா எல்லாத் தரையும் நல்லாத்தான் தாயி இருக்கும். குத்தவச்சுப் பாரு, படுத்துப் பாரு" என்பார்.

1979-இல் நாங்கள் மதுரையில் வீடு கட்டியபோது அப்பாதான் வந்து தரை போட்டுக் கொடுத்தார். மூன்று அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. இருபத்தைந்து வருடம் அதன் மேல் நடந்தோம், படுத்தோம், பிள்ளைகளுக்கு நிலாச் சோறு ஊட்டினோம். பிள்ளைகள் சிந்திய மையும் மஞ்சளும் துடைத்தால் போய்விடும். நாளாக ஆகத்தான் அந்தத் தரைக்கு நிறமே கூடியது.

2005-இல் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கும் ஆசை வந்தது. தெருவில் எல்லாரும் வெள்ளைக் கல்லுக்கு மாறிவிட்டிருந்தார்கள். எங்கள் காவித் தரையில் அங்கங்கே மயிர்க்கோடாக வெடிப்பு. சம்பந்தி வீட்டார் வந்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் வேறு. அப்பா அதற்கு நான்கு வருடம் முன்பே காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமல் படுத்துப் பார்த்திருப்பார். நான் நின்றுகொண்டு பார்த்தேன். முகம் தெரியும் பளபளப்பில் வெள்ளை விட்ரிஃபைட் கல், டூ பை டூ. கூடத்துக் குழல்விளக்கு அதில் அப்படியே தெரிந்தது. அதையே அழகின் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். வீட்டின் பின்னறைக்கு மட்டும் பணம் போதவில்லை. அது சிவப்பாகவே நின்றுவிட்டது.

அதே வேலையோடு இன்னொன்றும் செய்தோம். கொல்லைப்புறத்தில் இருந்த குளியலறையை இடித்துவிட்டு, கூடத்தை ஒட்டி வீட்டுக்குள்ளேயே புதிதாகக் கட்டினோம். அத்தைக்கு, என் மாமியாருக்கு, அப்போது 81 வயது. இருட்டில் கொல்லைக்குப் போக வேண்டாம், பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அவர்களுக்காகவே செய்தது.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அத்தை வெளியே வந்தார்கள். குளியலறை வாசலைத் தாண்டி இரண்டாவது எட்டு. நான் சமையலறையில் இருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தோம், பழையபடி நடை வரவில்லை. 14 மாதம் அந்தச் சிவப்புப் பின்னறையில் படுத்திருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரு நாள் தலை வாரிவிடும்போது மட்டும், "அந்த வெள்ளைக் கல்லுல தண்ணி எங்க இருக்கு, தரை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலத்தா" என்றார்கள்.

இருபது வருடமாக அந்த வார்த்தையை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஒன்று புரியவில்லை என்றால் விட மாட்டேன். தரையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், வேலை நடக்கும் வீடுகளில் நின்று கொத்தனார்களிடம் கேட்டேன்.

அத்தை இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். ஒன்று கண்ணைப் பற்றியது. பளபளக்கும் வெள்ளைத் தரையில் விளக்கொளி கூசும். கண்புரை உள்ளவர்களுக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். சிந்திய தண்ணீர் அதில் தனியாகத் தெரியாது. வாசற்படியும் வெள்ளை, தரையும் வெள்ளை என்றால் படி எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. இரண்டாவது காலைப் பற்றியது. விட்ரிஃபைட் கல் நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தண்ணீர் குடிக்காது. கறை படியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம், விற்பவர்களும் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் குடிக்காத தண்ணீர் மேலேயே நிற்கும். மேற்பரப்பு கண்ணாடி போல் இருந்தால், பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் மாட்டிக்கொள்ளும். அந்த நேரம் கால் கல்லைத் தொடவே தொடாது. எண்ணெயோ சோப்போ சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் காவித் தரை வழுக்காதா? ஈரத்தில் அதுவும் வழுக்கும். இதை நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் நேர்மை இல்லை. பிறகு ஏன் இருபத்தைந்து வருடம் ஒருவரும் விழவில்லை என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழைய வீட்டில் குளியலறை கொல்லையில் இருந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் சொரசொரப்பான கல் பாவிய பத்தடி நடையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். அதற்குள் கால் பாதி காய்ந்துவிடும், வாசலில் கிடக்கும் சாக்கில் மீதி காய்ந்துவிடும். ஈரம் வீட்டுக்குள் வராதபடி வழி இருந்தது. 2005-இல் நாங்கள் கல்லை மாற்றினோம், தண்ணீரின் வழியையும் மாற்றினோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இந்த முறை மகனும் மருமகளும் தரையை மாற்றப் பேச்செடுத்ததும் நான் முதலில் கேட்டது மூன்று நாள் அவகாசம். பழைய கணக்கு நோட்டில் வீட்டின் வரைபடத்தைப் போட்டேன். அந்த மூன்று நாளும் வீட்டில் எங்கெல்லாம் தண்ணீர் நடக்கிறதோ அங்கெல்லாம் நீலப் பென்சிலால் கோடு போட்டேன். குளியலறையிலிருந்து அறைக்குப் போகும் ஈரக் கால். பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே சொட்டும் நீர். காலையில் வாசல் தெளித்துவிட்டு வாளியோடு நான் உள்ளே வரும் வழி. துவைத்த துணியோடு மாடிப்படி ஏறும் வழி. மழைக் காலத்தில் பேரன் சைக்கிளை நிறுத்திவிட்டுச் செருப்போடு ஓடிவரும் வழி. சாமி அறையில் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் சிந்தும் ஒரு முழ இடம். மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்தபோது வீட்டில் பாதி நீலமாக இருந்தது.

மருமகளிடம் கொடுத்தேன். "நீலம் உள்ள இடத்துல கல்லை நான் சொல்றேன். மீதி இடம் உன் இஷ்டம் தாயி" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவம், நான் எல்லாவற்றையும் தடுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் தேர்ந்தெடுத்த வெள்ளைத் தரையில் விழும் ஒவ்வொரு முடியையும் பொறுக்கிக்கொண்டிருப்பவள். அழகான வீடு வேண்டும் என்று ஆசைப்பட அவளுக்கு முழு உரிமை உண்டு. நாள் முழுக்க நடமாடும் இடம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது சின்ன விஷயமில்லை. பெரியவர்கள் இந்த ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கடையில் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் வழுக்காத்தன்மைக்கு அளவு இருக்கிறது. ஜெர்மன் சோதனை முறை ஒன்றில், சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி, காலணி போட்ட ஆளை நடக்கவிட்டு, சாய்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்தச் சாய்வுவரை கால் நிற்கிறது என்பதை வைத்து ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரம் போடுகிறார்கள். ஆர்-9 தான் அதில் கடைசித் தரம். வெறுங்காலுக்கென்று சோப்புத் தண்ணீரில் தனிச் சோதனையும் உண்டு, அதில் ஏ, பி, சி என்று மூன்று தரம், சி தான் நன்றாகப் பிடிக்கும். வீட்டுக்குள் செருப்புப் போடாத நமக்கு இந்த இரண்டாவதுதான் பொருத்தம். பெட்டியிலோ கம்பெனித் தாளிலோ இந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒரு சொம்பு தண்ணீர் போதும். குளியலறைக்கு என்றால் அதில் ஒரு சொட்டு சோப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதற்காக மிகவும் சொரசொரப்பான கல்லை வீடு முழுக்கப் போட்டுவிடாதீர்கள். அழுக்கு பிடித்துக்கொள்ளும், துடைக்கிறவர்களின் தோள்பட்டை போய்விடும், தவழும் குழந்தையின் முழங்கால் சிராய்க்கும். கூடத்துக்கும் நடைக்கும் மெருகில்லாத 'மேட்' கல் போதும். குளியலறைக்குத்தான் நல்ல பிடிப்புள்ளது வேண்டும், அங்கே கல்லும் சிறியதாக இருக்கட்டும். சிறிய கல்லுக்கு இணைப்புக் கோடு அதிகம், கால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஓட நான்கு பக்கத்திலிருந்தும் வாட்டம் கொடுக்க வேண்டிய இடத்தில் பெரிய கல்லை வளைக்கவும் முடியாது. நிறத்தில் தூய வெள்ளையும் வேண்டாம், தூய கறுப்பும் வேண்டாம். வெள்ளையில் முடி தெரியும், கறுப்பில் தூசியும் உப்புத் தண்ணீர்த் திட்டும் தெரியும். நடுத்தரமான நிறத்தில் பொடிப் புள்ளி இருந்தால் வீடு எந்நேரமும் பெருக்கியது போல் இருக்கும். மொசைக் தரையை அந்தக் காலத்தில் அதற்காகத்தான் விரும்பிப் போட்டார்கள்.

சமையலறைக்கு மார்பிள் போடலாமா என்று மகன் கேட்டான். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் பட்ட இடத்தில் மெருகை அரித்துவிடும், மஞ்சள் கறை இறங்கிவிடும். நம் சமையலுக்கும் அதற்கும் ஒத்துவராது. கிரானைட் தாங்கும். மரம் போலத் தோன்றும் லேமினேட் பலகை படுக்கையறைக்கு அழகு, ஆனால் தண்ணீர் தேங்கினால் விளிம்பு உப்பிவிடும். ஈரத்துணியால் தினமும் துடைக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

இனிச் சொல்லப் போவதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே புதுக்கல் ஒட்டினால் செலவு மிச்சம் என்பார்கள், உண்மைதான். ஆனால் கலவையும் கல்லும் சேர்ந்து ஒன்றரை அங்குலம்வரை தரை ஏறிவிடும். கதவின் அடியை இழைக்க வேண்டியிருக்கும், அது பரவாயில்லை. குளியலறை வாசலில் படி உயரம் மாறும். மாடிப்படியின் முதல் படி ஆறு அங்குலமாக இருந்தது நாலரை ஆகிவிடும், மற்ற படிகள் அப்படியே இருக்கும். மாடிப்படியை நாம் பார்த்து ஏறுவதில்லை, கால் தன் கணக்கில் ஏறும். ஒரு படி மட்டும் உயரம் மாறினால் அந்தக் கணக்கு தவறும். எங்கள் வீட்டில் உடைத்துவிட்டுத்தான் போட்டோம். பத்து நாள் தூசியில் கிடந்தோம், இடிபாட்டை அள்ளிப்போகத் தனிச் செலவு. இருந்தாலும் மாடிப்படி பழைய படியே இருக்கிறது.

வேலை செய்ய வந்த கொத்தனார் தம்பி சின்ன வயது, நல்ல கை. ஒவ்வொரு கல்லையும் வைத்தபின் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். தண்ணீர் குடிக்காத கல் வெறும் சிமெண்ட் பாலில் சரியாக ஒட்டாது, அதற்கென்று விற்கும் பசையைக் கல்லின் அடி முழுக்கத் தடவ வேண்டும். நடுவில் நான்கு உருண்டை வைத்து அமுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் குச்சியால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்று இருக்கும் கல் வெற்றுக் குடம் மாதிரி சத்தம் கொடுக்கும். அப்படி ஏழு கல் இருந்தது. தம்பி ஒரு பேச்சுப் பேசாமல் எடுத்துத் திரும்பப் போட்டார். கல்லுக்குக் கல் இடைவெளி வேண்டாம், ஒரே பரப்பாக இருக்கட்டும் என்று மகன் ஆசைப்பட்டான். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. சித்திரை வெயிலில் கல்லும் விரியும். விரிய இடமில்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி, ஒரு நாள் டப்பென்ற சத்தத்தோடு கூரை போல எழும்பி நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒரு மாடி அறையில் அப்படி நடந்திருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோட்டால் அழகு கெட்டுவிடாது.

பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, மீந்ததைப் பரண் மேல் போட்டு வையுங்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் நிற எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். பிறகு ஒரு கல் உடைந்தால் அதே நிறம் கிடைப்பது அரிது.

மருமகள் தன் பங்குக்குக் கேட்டது ஆத்தங்குடிக் கல். கூடத்தின் நடுவில், ஈரம் வராத இடத்தில், ஜமுக்காளம் விரித்தது போல எட்டடிக்கு ஆறடி. கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆத்தங்குடி எங்கள் ஊர்ப் பக்கம். சிறுவயதில் அப்பாவோடு அங்கே போயிருக்கிறேன். கண்ணாடிப் பலகை மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சாந்தாக ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குவார்கள். பூ மட்டும் கண்ணாடியில் தங்கும். அதன் மேல் மணலும் சிமெண்டும். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. காயவைத்துத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுப் பதப்படுத்துவதுதான். கண்ணாடியைப் பிரித்ததும் அதன் மெருகு கல்லுக்கு வந்திருக்கும். கையால் செய்வதால் இரண்டு கல் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. அதுவும் வழுவழுப்பான கல்தான், அதனால்தான் நீலக் கோடு தொடாத இடமாகப் பார்த்து அவள் கேட்டாள். கொத்தனார் தம்பி மற்றக் கல்லைவிட இது தடிமன் அதிகம் என்று அந்த இடத்தில் மட்டும் அடித்தளத்தைத் தாழ்த்திக்கொண்டார். ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்று மருமகளிடம் சொன்னேன். "காவித் தரை மாதிரியா அத்தை?" என்றாள்.

பின்னறையைத் தொடவில்லை. அப்பா போட்ட தரை அப்படியே இருக்கிறது, வெடிப்போடு. அதை மூடப் பூசினால் பூசிய இடம் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று தம்பியே சொல்லிவிட்டார்.

வேலையெல்லாம் முடிந்து சாமான்களை உள்ளே வைத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். காலைத் துடைக்காமல் கதவைத் திறந்தேன். வாசற்படி இப்போது கடப்பைக் கல், கறுப்பு. அதற்கப்பால் தரை மணல் நிறம். இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு கையால் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் எட்டு வைத்தேன். பிறகு இரண்டாவது எட்டு. அத்தை விழுந்த இடம். கால் நின்றது. ஈரப் பாதத்தின் அச்சு அந்தக் கல்லில் அப்படியே தெரிந்தது, ஐந்து விரலோடும்.

மருமகள் துண்டோடு ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள். "ஏன் அத்தை அங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "ஒன்னுமில்ல தாயி" என்று சொல்லிவிட்டு, அந்த அச்சு காயும்வரை நின்றுகொண்டிருந்தேன்.